முகமில்லாத அஞ்சு ரூபாய்

கள்ளக்குறிச்சி நாணயச் சேகரிப்போர் பேரவையில் உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேருக்குப் பதவி உண்டு. தலைவர் ஆதிமூலத்திடம் சிங்கமும் இல்லாத, எண்ணும் இல்லாத மொழுமொழுவென்ற வில்லை ஒன்று இருந்தது. காசு போட்டால் தண்ணீர் தருகிற மெஷினுக்கு அஞ்சு ரூபாயை அடையாளம் காட்ட, அதே எடையில் அடித்த சோதனை டோக்கன். “இந்தியாவிலேயே ஒன்று” என்று அட்டை எழுதி வைத்திருந்தார். இந்தியாவை அவர் உளுந்தூர்பேட்டைவரை பார்த்திருந்தார்.

செயலாளர் தெய்வசிகாமணி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இது வெறும் தகடு, ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் வைத்தால் பேரவையின் மானம் போய்விடும் என்றார். ஆதிமூலம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டோக்கன் அசல்தான் என்று வீடியோ எடுத்துக் காட்டிவிடுவதாகச் சபதம் போட்டு, சனிக்கிழமை காலை கரியாலூருக்குப் பஸ் ஏறினார். அதை அவருக்குக் கொடுத்த மெக்கானிக் கொளஞ்சியப்பன் அங்கேதான் தண்ணி மெஷினைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருந்தார்.

மெஷினுக்குள் மாதிரிக் காசு நிற்க ஒரு இடுக்கு உண்டு. போடுகிற காசு மாதிரியோடு ஒத்துப்போனால் தண்ணீர். இல்லையென்றால் காசு கீழே வந்து விழும். கொளஞ்சியப்பன் டோக்கனை இடுக்கில் செருகினார். ஆதிமூலம் செல்போனைத் தூக்கிப் பிடித்து, வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தத் தருணத்தில் என்று ஆரம்பித்தார். கேனோடு காத்திருந்த செவ்வந்தி அஞ்சு ரூபாய் போட்டாள். விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது.

கொளஞ்சியப்பன் டோக்கனை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.

“இன்னா பண்ணீங்க இத?”

வெள்ளிக்கிழமைதோறும் புளியும் செங்கல்பொடியும் போட்டு, குத்துவிளக்கோடு சேர்த்துப் பளபளவென்று தேய்ப்பதாக ஆதிமூலம் பெருமையாகவே சொன்னார். நாலு வருஷமாக.

“நான் குடுத்தது அசல் டோக்கன்தாங்க. நீங்க தேச்சித் தேச்சித் தகடாக்கிட்டீங்க.”

“என் காசத்தான் வச்சிப் பாருங்களேன்,” என்றாள் செவ்வந்தி. “எம்மா நேரம் நின்னுக்கினு இருக்கறது?”

அவள் காசை இடுக்கில் வைத்து, தன் பையிலிருந்து ஒரு காசைப் போட்டார் கொளஞ்சியப்பன். தண்ணீர் கொட்டியது. செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

மறுநாள் கண்காட்சிக்குத் தெய்வசிகாமணி மூன்று பக்க மறுப்பு எழுதி எடுத்து வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டியில் டோக்கன் இருந்தது, அட்டை இல்லை.

“தலைவரே, இது இன்னான்னு சொல்லப் போறீங்க?”

“தகடுதான்,” என்றார் ஆதிமூலம். ஒவ்வொரு காசுக்கும் அரைமணி நேரம் பேசுகிறவர்.

தெய்வசிகாமணி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து, டோக்கனை வெளிச்சம் படுகிற பக்கமாக நகர்த்தி வைத்தார்.