இறங்க வேண்…

ஆன்டெனாவை வாங்கியது பொடிசு. பட்டப்பெயர்தான் அது; வயது இருபத்தொன்பது, வீட்டில் எல்லாரையும்விட உயரம். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைப் படியிலேயே வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். அண்ணி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். ஏழு வயதில் ஒரு பெண். காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டால், மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுத் துணை கிடையாது. கேபிளை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது.

"சும்மா காத்துல வருது அண்ணி. நாம பிடிச்சுக்கிட்டா போதும்," என்று சொல்லித்தான் பொடிசு அதை வரவழைத்தாள். மீன்முள்ளைப் போல நாலைந்து அலுமினியக் குச்சிகள். அதை அண்ணி பால்கனிக் கம்பியில் துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். வயர் உள்ளே வர வேண்டும் என்பதற்காக, பால்கனியின் கண்ணாடிக் கதவை ஒரு விரல் அளவு எப்போதும் திறந்தே வைத்தார்கள். டிவியைத் தேடவிட்டதில் ஒன்பது சேனல் கிடைத்தது.

"ஒம்பதுல நாலுல ஆள் உக்காந்து பேசிக்கிட்டேதான் இருக்கான்," என்று அண்ணி சிரித்தாள். ஆனால் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பழைய டிவி என்றால் சிக்னல் குறையும்போது புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டாவது ஏதோ தெரியும். இதில் அந்தப் பேச்சே இல்லை. வந்தால் முழுசாக வரும். இல்லாவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் இரண்டு துண்டாகத் தெறித்து, அதோடு சரி.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கோ தொலைவில் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரத்துச் சங்கு என்று அண்ணி நினைத்தாள். அது நிற்கவே இல்லை. கூடவே ஒரு நெடி வந்தது.

"யாரு இப்படி பிளீச்சிங் பவுடரக் கொட்டிக் கழுவுறாங்க?" என்றாள் பொடிசு.

அண்ணி பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தாள். தெருவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கமாக ஓடியிருந்தால்கூடப் பயம் குறைந்திருக்கும். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமுமாக, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். செல்போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள். மணியே அடிக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை 'எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன' என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. நெட்டும் வரவில்லை.

"அண்ணி, இங்க வாங்க."

டிவியில் ஒரு பெண் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். நகரக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் வாயுக் கலன் வெடித்துக் கசிகிறது. காற்று வீசும் திசையில் உள்ள பகுதிகள் என்று அவள் வாசித்ததில் நாலாவதாக இவர்கள் பகுதி வந்தது. கதவு ஜன்னல்களை உடனே மூடுங்கள், இடுக்குகளை ஈரத்துணியால் அடையுங்கள் என்றாள்.

அண்ணி ஓடினாள். சமையலறை ஜன்னல், படுக்கையறை ஜன்னல், குளியலறையின் சின்ன ஜன்னல். கடைசியாகப் பால்கனிக் கதவைத் தள்ளினால் அது வயரில் முட்டி நின்றது. அந்த ஒரு விரல் இடைவெளியில் நெடி கத்தி மாதிரி உள்ளே வந்தது. யோசிக்கிற நேரமா அது? கதவை அகலத் திறந்து, துணி வெட்டும் கத்தரியால் கம்பியில் இருந்த கட்டை அறுத்து, ஆன்டெனாவை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் கையில் ஆன்டெனா திரும்பிய அந்தச் சமயத்தில்தான் டிவிப் பெண் அடுத்த வரியை வாசித்தாள்.

"அடுக்குமாடிகளில் மேல் தளங்களில் இருப்பவர்கள் கீழே இறங்க வேண்…"

முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. பிறகு திரை கறுத்து, 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் வந்தது.

"என்ன சொன்னா? இறங்கணுமா, கூடாதா?"

"இறங்க வேண்னு மட்டும்தான் வந்துச்சு அண்ணி."

"வேண்டுமா, வேண்டாமா?"

பொடிசு ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

கதவைப் படபடவென்று தட்டினார்கள். இரண்டாம் மாடி டியூஷன் சார். வெளியூரில் மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியாக இருப்பவர், கணக்கு சொல்லித் தருகிறவர். மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார்.

"இன்னும் உள்ளயா இருக்கீங்க? எல்லாரும் கிளம்பிட்டாங்கம்மா. நான் பைக்க எடுக்கப் போறேன். வாங்க, பின்னாடி உக்காருங்க. ஸ்கூல்ல விட்டுடறேன், பாப்பாவத் தூக்கிக்கிட்டு அப்படியே போயிடலாம்."

பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணியின் கால் தானாகவே செருப்பைத் தேடியது. ஒரு செருப்பை மாட்டிவிட்டாள். அப்போதுதான் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். பைக்கில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கலாம். மாவுக்கட்டோடு மூன்று மாடி இறங்க அவளுக்குப் பத்து நிமிடமாவது ஆகும்.

"நீங்க போங்க அண்ணி," என்றாள் பொடிசு. "பாப்பா தனியா இருப்பா. நான் ஈரத்துணியப் போத்திக்கிட்டு உக்காந்துக்கறேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சோபாக் கைப்பிடியை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் அண்ணி. "டிவில என்னமோ சொல்றாங்க. இறங்கச் சொல்றாங்களா, வேணாங்கறாங்களான்னு தெரியல. அது தெரிஞ்சுக்கிட்டு…"

"டிவியப் பாத்துக்கிட்டு இருக்கற நேரமாம்மா இது?" என்று சொல்லிக்கொண்டே அவர் படியில் இறங்கிவிட்டார். கீழே பைக் இரண்டு உதையில் கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் தேயும்வரை அண்ணி ஒற்றைச் செருப்போடு நின்றாள். தப்பு செய்துவிட்டோமோ என்ற எண்ணம் அவளைப் பிய்த்துத் தின்றது. பிறகு செருப்பை உதறிவிட்டு ஆன்டெனாவைக் கையில் எடுத்தாள்.

"சிக்னல் எவ்வளவுன்னு காட்டுமே, அதப் போடு. சத்தமா சொல்லிக்கிட்டே இரு."

சமையலறைப் பக்கம் நீட்டினாள். "பூஜ்யம்." சோபாவுக்கு மேலே. "எட்டு… இல்ல, போச்சு." பால்கனிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். "பதினாறு. இருபத்திரண்டு. மறுபடி எட்டு." பால்கனியின் இரும்புக் கம்பிகள்தான் மறைக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. கம்பிக்கு மேலே போனால் ஒருவேளை கிடைக்கலாம். தையல் மேஜையைக் கதவோரம் இழுத்து அதன்மேல் ஏறினாள். வயர் எட்டவில்லை.

"டிவிய நகத்தணும்," என்றாள்.

பொடிசு எழுந்தாள். ஒற்றைக் காலில் நொண்டி, டிவி இருந்த சக்கர ஸ்டாண்டை இடுப்பால் தள்ளினாள். ஒருமுறை மாவுக்கட்டுக் கால் தரையில் பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள். நிறுத்தவில்லை.

அண்ணி இரண்டு கையாலும் ஆன்டெனாவைத் தூக்கிக் கண்ணாடியின் உச்சியில் வைத்து அழுத்தினாள்.

"முப்பத்தஞ்சு. நாப்பது. கொஞ்சம் இடது பக்கம்… அம்பத்தெட்டு. அசையாதீங்க அண்ணி. அப்படியே."

முதலில் குரல்தான் வந்தது. அண்ணிக்குத் திரை முதுகுப் பக்கம் இருந்தது. அவள் முகத்துக்கு நேரே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் தெரு. ஆட்கள் இல்லாத தெருவின் முனையில் தரையோடு தரையாக ஏதோ வெளிறிய பச்சை மஞ்சளில் நகர்ந்து வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு சைக்கிளின் சக்கரம் அதற்குள் பாதி மறைந்தது.

டிவிப் பெண் ஊர்ப் பகுதிகளை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். முதல் பகுதி, இரண்டாவது பகுதி. அண்ணியின் கைகள் கடுத்தன. ஐந்தாவது, ஆறாவது. கதவு ஜன்னலை மூடுங்கள். ஈரத்துணி. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பிறகு:

"மேல் தளங்களில் இருப்பவர்கள் கீழே இறங்க வேண்டாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் உடனே மேல் தளங்களுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிகளுக்கு யாரும் செல்ல வேண்டாம். மாணவர்கள் மேல் மாடிகளில்…"

மேற்கொண்டு அண்ணி கேட்கவில்லை. "டியூஷன் சார்," என்றாள். அப்புறம், "கீழ்வீடு."

தரைத்தளத்தில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கடையும் வீடும் அங்கேயேதான். மனைவிக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. அண்ணி மேஜையிலிருந்து குதித்தாள். வாடிக்கையாளர் ஒருவருக்காக வெட்டி வைத்திருந்த திரைத்துணியைக் குழாயில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படியில் ஓடினாள். இரண்டாம் மாடி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதல் மாடியில் கண் எரிந்தது. அதற்குக் கீழே போக உடம்பு மறுத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மேல வாங்க. கீழ இருக்காதீங்க, மேல வாங்க."

"ஷட்டரப் போட்டுட்டு உள்ளதாம்மா இருக்கோம்," என்று கடிகாரக்காரரின் குரல் இருமலுக்கு நடுவே கேட்டது.

"அது தரையோடதான் வருது. அக்காவத் தூக்கிக்கிட்டு வாங்க, டிவில சொல்றாங்க."

பிறகு கதவு திறந்தது. அவர் மனைவியைத் தோளோடு அணைத்து ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் உதடு கறுத்திருந்தது. அண்ணி மறுபக்கம் தாங்கினாள். மூன்றாம் மாடிக்கு வந்து கதவடியில் மிச்சத் துணியை நனைத்து அடைத்தபோது, தன் நெஞ்சு விசில் அடிப்பதை அண்ணி கேட்டாள்.

நாலு மணிக்கு மேல்தான் அபாயம் நீங்கியதாக அறிவித்தார்கள். அதுவரை கடிகாரக்காரர் மேஜைமேல் நின்று ஆன்டெனாவைப் பிடித்திருந்தார். நுணுக்க வேலை செய்து பழகிய கை, துளிகூட ஆடவில்லை. பள்ளிக்கூடம் என்று டிவியில் வரும்போதெல்லாம் பொடிசு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளின் பள்ளியின் பெயர் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. அந்த நாலு மணி நேரத்தில் அண்ணி தன் மகளை எத்தனையோ விதமாக இழந்தாள்.

பிள்ளைகளைப் பள்ளியின் மேல்மாடி நூலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் மகள் அழவில்லை. "எனக்குப் பசிக்குது," என்றாள். அண்ணிதான் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

டியூஷன் சாரைத் தெருமுனையில் பைக்குக்குப் பக்கத்திலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்த அன்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி, நேரே மூன்றாம் மாடிக்கு வந்தார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

"நீங்க… ஒரு நிமிஷம்னு சொன்னீங்கல்ல? அப்பவே… உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றாள் அண்ணி. "செருப்பு மாட்டிட்டேன். உங்க கூட வரத்தான் இருந்தேன்."

அவர் தலையசைத்தார். அண்ணி தண்ணீர் கொண்டுவரப் போனாள். டம்ளரை நீட்டும்போது அவருக்கு இருமல் வந்து கை தட்டியதில் பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. பரவாயில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். மூச்சு போதவில்லை. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வாசலில் கிடந்த அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.