ஓடினேன் என்று எழுதிய வரி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த என் கணவர் ஆமோஸின் கடிதத்தை, வீரர் நினைவு நாளன்று எங்கள் ஒஹாயோ தேவாலயத்தில் வாசிப்பதாக இருந்தது. பாதிரியார் பிரெஸ்காட் என்னைத் தனியே அழைத்தார்.

“‘பயந்து ஓடிவிட்டேன், ஹெஸ்டர்’னு எழுதியிருக்காரேம்மா. இதை விட்டுடலாம். உங்க குடும்ப மானம் போயிடும்.”

“தாளைப் பக்கவாட்டுல திருப்பிப் பிடிங்க. காகிதம் கிடைக்காம, எழுதினது மேலயே குறுக்கா எழுதியிருக்காரு பாருங்க.”

கண்ணைச் சுருக்கிப் படித்தார். “‘விடிந்ததும் திரும்பி வந்தேன். முன்வரிசையில் நிற்கிறேன்.’ அப்ப இதை மட்டும் வாசிச்சிடலாமே?”

“ஓடினதைச் சொல்லாம திரும்பினதை எப்படிச் சொல்றது? எங்க வீட்டு மானம் என் பொறுப்பு. நீங்க போய் உக்காருங்க.”

நானே மேடையேறினேன். ஓடிய வரியைத்தான் முதலில் வாசித்தேன், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி.