மழைக்கு வாங்கிய டயர்

பெண் பார்த்துச் சம்மதம் சொல்ல மாதவனுக்கு அரை நாள்தான் ஆனது. டயர் வாங்க நான்கு மாதம் யோசித்தான்.

மேகலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்த யோசனை முழுக்கத் தனக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். பேரண்டப்பள்ளி காட்டைத் தாண்டி, சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ரோஜாப் பண்ணையில் அவளுக்கு வேலை. விடிவதற்குள் வெட்டிய பூ வெயில் ஏறுவதற்குள் பெட்டியில் அடைபட்டு பெங்களூர் விமானத்துக்குப் போயாக வேண்டும். ஓசூரிலிருந்து அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் தோதான பஸ் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன் பழைய சின்னக் கார் ஒன்றை அவள் பெயரிலேயே வாங்கி, அவள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஆறு மணிக்குள் போய் நிற்க ஆரம்பித்த பிறகுதான் பண்ணையில் அவளை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பெட்டி அடைத்துக்கொண்டிருந்தவள், பதினெட்டுப் பேருக்கு வேலை சொல்லும் இடத்துக்கு வந்தாள். காரில்லாமல் அந்த வேலை இல்லை.

பழைய டயர்கள் மொட்டையாகியிருந்தன. 2005-ஆம் வருஷம் ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. பாகலூர் சாலையில் டயர் கடை வைத்திருக்கும் ஆஞ்சப்பனிடம் மாதவன் போய் நின்றான்.

"கல்லு மாதிரி ஒண்ணு இருக்குது சார்," என்றார் ஆஞ்சப்பன். "அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். உங்களுக்கு அப்புறம் உங்க மகனும் ஓட்டலாம்."

"மழையில?"

"மழையில சாமி பாத்துக்கும்."

மாதவன் சிரிக்கவில்லை. ஆஞ்சப்பன் உள்ளே போய் வேறொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "இத நோடி, பாருங்க சார். ரப்பர் மெத்துனு இருக்கும், ரோட்டக் கவ்விப் புடிக்கும். ஆனா இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல வராது. கம்பெனிக்காரன் இத வெயில் காலத்து டயர்னு சொல்றான்."

"நான் மழைக்குக் கேக்கறேன்."

"அது பனி கொட்டற ஊருக்காரன் வெச்ச பேரு சார். பனிக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு. நம்மூரு மழ அவனுக்கு வெயில் காலத்து மழதான்."

டயரின் நடுவில் பள்ளங்கள் மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து இறங்கின. மாதவன் அவற்றில் விரலை ஓட்டினான். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டான். மேலே மெதுவாக ஊற்றி, நீர் எந்த வழியாகப் பிரிந்து ஓடுகிறது என்று குனிந்து பார்த்தான்.

"டயருக்கு அபிஷேகமா சார்?"

இன்னொரு சொம்பும் ஊற்றிப் பார்த்துவிட்டு, நான்கு டயர் போடச் சொன்னான். மாட்டி முடித்ததும் ஆஞ்சப்பன் டயரின் பக்கவாட்டில் இருந்த அம்புக்குறியைத் தட்டிக் காட்டினார். சக்கரம் அந்தப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். கழற்றினால் அதே பக்கத்தில்தான் திரும்ப மாட்ட வேண்டும். மாறிப்போனால் பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளாது, உள்ளே வாரிக்கொள்ளும் என்றார்.

"எங்கிட்டயா சொல்றீங்க," என்றான் மாதவன்.

அவன் அப்படிச் சொன்னதில் தவறில்லை. சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கடைசிச் சோதனை மேஜை அவனுடையது. லாரி ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் கடைசியாகத் தொடுவது அவன் கை. ஒரே ஒரு ஆயில் சீல் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததற்காக ஒரு முறை நானூறு உருப்படிகளைத் திருப்பி அனுப்பியவன் அவன். பேச்சு குறைவு. கண் மட்டும் தப்பாது என்று பெயர்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து, பொரியும் இனிப்பும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மாதவன் காரை எடுத்துக்கொண்டான். மற்றவர்கள் வண்டி மேல் தண்ணீர் ஊற்றி மாலை போட்டால் முடிந்தது. அவனுக்கு அப்படி முடியாது. ஜாக்கி வைத்து, நான்கு சக்கரத்தையும் கழற்றி, உள்பக்கச் சேறு போகத் தேய்த்து, காய வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் திரும்ப மாட்டினான். ஒவ்வொரு வருஷமும் அவன் பூஜை அப்படித்தான். மேகலா எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை ஒரு சுற்று ஓட்டினாள். "புது வண்டி மாதிரி இருக்குதுங்க," என்றாள்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை விடிகாலையில் போன் வந்தது.

"மேகலா வூட்டுக்காரருங்களா? பேரண்டப்பள்ளி தாண்டி வளைவுல காரு பள்ளத்துல இறங்கிருச்சுங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல. வாங்க சீக்கிரம்."

மாதவனுக்கு ஒற்றைச் செருப்போடு தெருவுக்கு வந்த பிறகுதான் மழை கொட்டுவதே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மேகலாவின் நெற்றியில் எட்டுத் தையல். ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு அன்று அவளோடு காரில் வந்த நாராயணம்மாவுக்கு வலது கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பண்ணையில் பூ வெட்டுகிறவள். அந்தக் கைதான் அவளுக்குச் சோறு. அவள் கணவர் முத்துமணி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். மேகலா பக்கம் திரும்பவேயில்லை.

"திருப்பினேங்க," என்றாள் மேகலா. "ஸ்டீரிங் கையில லேசா ஆயிடுச்சு. ஒண்ணுமே புடிக்காத மாதிரி. நான் திருப்பறேன், வண்டி அது பாட்டுக்கு நேராப் போகுது."

"எவ்ளோ ஸ்பீடு?"

"எழுவதுகூட இல்ல."

"தாண்டியிருக்கும்," என்றான் மாதவன்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதவனின் அண்ணன் அழகர்சாமிக்கும் ஓசூரில்தான் வேலை. அருப்புக்கோட்டைக் குரல் இன்னும் குறையாத மனுஷர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா அந்த ரோட்டுல காரு? லாரிக்காரனே தடுமாறுறான். வித்துருங்க. மேகலா, ஒன்னையக் குத்தஞ் சொல்லல தாயி. ஒன் கைக்கு அது ஆகாது, அவ்வளவுதான்."

மறுநாள் பண்ணையிலிருந்து ஆள் வந்தது. உடம்பு தேறியதும் ஏழரை மணி வேனில் வந்து பழையபடி பெட்டி அடைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. மேகலா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "எழுவதத் தாண்டியிருக்கும்னுதான் எனக்கும் தோணுது. திருப்பினேனா இல்லையான்னே இப்ப சந்தேகமா இருக்குது. என் கைதான் சரியில்ல."

மாதவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரைப் பார்க்கப் போனான். ஆஞ்சப்பன் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இழுத்து வந்து போட்டிருந்தார்கள். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. டயர்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஆஞ்சப்பன் பின்னால் வந்து நின்றார். எதற்கும் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

"சார், இத யாரு கழட்டி மாட்டினது?"

மாதவன் குனிந்தான். அம்பு பின்னால் பார்த்தது. அடுத்த சக்கரத்துக்குப் போனான். அதுவும் பின்னால் பார்த்தது. நான்காவது சக்கரத்தின் அம்புக்குறி மீதே சந்தனம் வைத்திருந்தான். மழையில் கரைந்து போனது போக, அம்பின் பள்ளத்தில் மட்டும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் வைத்துத் தொட்டு, பார்த்து, பொட்டு வைத்த கை.

பூஜை நாள் அப்படியே கண் முன் வந்தது. முன் இடது சக்கரம் பின் வலதுக்கு, பின் வலது முன் இடதுக்கு. தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சக்கரங்களைக் குறுக்காக இடம் மாற்றி மாட்டுவது அவன் பழக்கம். பழைய டயரில் அம்பு கிடையாது. எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். புது டயர் என்ற நினைப்பு அவன் கைக்கு வரவேயில்லை. எட்டு வருஷப் பழக்கம், கண்ணைக் கேட்காமல் கையே செய்து முடித்துவிட்டது. தண்ணீரைத் தள்ளுவதற்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய டயர், தண்ணீரை வாரி அடியில் போட்டுக்கொண்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அவள் திருப்பியிருக்கிறாள்.

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"சரியா இருந்திருந்தாலும் வழுக்கியிருக்கலாம் சார்," என்றார் ஆஞ்சப்பன் தாழ்ந்த குரலில். "அந்த வளைவுல அவ்ளோ தண்ணி நின்னுது. யாரால சொல்ல முடியும்? நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். யாரால் சொல்ல முடியும்? அன்று முழுக்க அதையே மென்றான். சாயங்காலம் மேகலா கார் சாவியை எடுத்துக் கொண்டுபோய் அழகர்சாமியின் கையில் கொடுத்தாள். திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். "நாராயணம்மா கைய நான் ஒடிச்சிட்டேங்க," என்றாள். மாதவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தான்.

திங்கட்கிழமை அழகர்சாமி விற்பனைப் படிவத்தோடு வந்தார். கார் அவள் பெயரில் இருந்ததால் அவள் கையெழுத்து வேண்டும். மேகலா பேனாவை வாங்கிக் குனிந்தாள்.

"போடாத," என்றான் மாதவன்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் நின்றபடியே சொன்னான். குறுக்காக மாற்றி மாட்டியது, அம்பு, தண்ணீர், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அது மிகச் சின்ன விஷயமாக, நாலே வாக்கியமாகத் தெரிந்தது அவனுக்கே பயமாக இருந்தது.

அழகர்சாமிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "யாருகிட்டயும் சொல்லிறாத. கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அந்தம்மா புருஷன் சும்மா விடுவானா? மழ, வழுக்கிருச்சு. அதோட முடிஞ்சு போச்சுல்ல. கம்பெனில தெரிஞ்சா ஒன் மேஜையில ஒன்னைய உக்கார விடுவாய்ங்களா?"

மேகலா பேனாவை மூடினாள்.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"நேத்து காலையில."

வெளியே யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் நான் அழுதப்பத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் அடியை எதிர்பார்த்தான், கத்தலை எதிர்பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையை எதிர்பார்க்கவில்லை. வழியில் நிற்கும் ஒரு முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சக்கரத்தை மாற்றியதை அவள் பொறுத்துக்கொள்ளக்கூடும் என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குப் புரிந்தது. தோளில் கை வைத்ததை அல்ல.

"கெளம்புங்க," என்றாள். "நாராயணம்மா வூட்டுக்கு. நீங்கதான் சொல்லணும்."

"தாயி, கொஞ்சம் யோசிச்சு..."

"மாமா, நீங்க இருங்க. சாவிய மட்டும் அங்க வெச்சிருங்க."

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றான். சூளகிரி வரைக்கும் ஒரு முறைகூட அவள் திரும்பவில்லை. பேரண்டப்பள்ளி வளைவில் பஸ் வேகம் குறைத்தபோது அவளுடைய இரண்டு கைகளும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்ததை மட்டும் பார்த்தான்.

நாராயணம்மா மாவுக்கட்டுக் கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். முத்துமணி வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாதவன் வாசற்படியில் நின்றே சொல்லி முடித்தான். இந்த முறை நாலு வாக்கியம்கூட ஆகவில்லை.

முத்துமணியின் தாடை அசைந்தது.

நாராயணம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள், கணவரிடம். "நான் சொன்னேனா இல்லியா? அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் திருப்பிச்சுன்னு. பக்கத்துல உக்காந்து பாத்தவ நானு. நீ நம்புனியா?" பிறகு மாதவனைப் பார்த்தாள். "நீயாவது வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா. ஆஸ்பத்திரியில அடுத்த கட்டில்லதான கெடந்தேன்."

கேட்க வேண்டும் என்று மாதவனுக்குத் தோன்றவே இல்லை. பார்த்தவள் ஒருத்தி இருந்தாள், ஆஸ்பத்திரியில், பத்தடி தூரத்தில்.

முத்துமணி அவனை வெகுநேரம் பார்த்தார். உள்ளே போனார். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, துண்டால் தட்டி, மேகலாவுக்குப் போட்டார். "உக்காரும்மா," என்றார்.

மேகலா உட்கார்ந்தாள். மாதவன் நின்றுகொண்டிருந்தான்.