இடது பெடல்

அன்று காலை என்னைச் சைக்கிளில் ஏற்றிவிட்டு, பட்டறை வாசலிலிருந்து என் கணவர் பின்னாலேயே ஓடி வந்தார். பெயிண்ட் அடிக்காத வெறும் இரும்பு. ஹேண்டில்பாருக்கு உறைகூடப் போடவில்லை.

“எட்டுதா?”

“எட்டுது. நீங்க செஞ்ச இரும்பு மயில் மாதிரி தலையக் கோணிக்கினு போவுது.”

“மயிலப் பத்திப் பேசாத செல்வி. கல்யாண மண்டபத்து வாசல்ல ஜம்முனு நிக்குது.”

“நிக்குது. கோழின்னு நெனச்சி ஜனங்க உள்ள போறாங்க.”

சிரித்துக்கொண்டே பச்சைப் பெயிண்ட் வாங்க விழுப்புரம் கிளம்பினார். விக்கிரவாண்டிக்கு அருகில் லாரி மோதியது. திண்டிவனத்துக்குத் திரும்பி வரவில்லை.

என் கணவர் திருமுருகனின் சிற்பங்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை. பேரிங்கைக் கண்ணாகவும் பழைய செயினைப் பிடரிமயிராகவும் ஒட்டினால் குதிரை ஆகிவிடும் என்று சிலர் நம்பினார்கள். அவரும் நம்பினார். ஒரு குதிரைக்கு ஒரு சாயங்காலம் போதும். என் சைக்கிள் ஃபிரேமுக்கோ ஒரு கோடை முழுதும் ஆயிற்று.

சிறுவயதில் வந்த போலியோவால் என் இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. கடைச் சைக்கிளில் சீட்டை ஏற்றினால் இடது கால் பெடலுக்கு எட்டாது. இறக்கினால் வலது முட்டி இடிக்கும். அதனால் என் உயரத்துக்குப் பைப்புகளை அறுத்துப் பற்றவைத்தார். புடவையோடு தாண்டுவதற்காக மேல் பைப்பைத் தாழ வளைத்தார். இடது பெடலைத் தாங்கும் கிராங்கை மட்டும் வெட்டிக் குட்டையாக்கினார். இனி யார் வண்டியிலும் பின்னால் தொற்றிக்கொள்ளாமல் அச்சகத்துக்கு வேலைக்குப் போகலாம் என்றிருந்தேன்.

காரியம் முடிந்ததும் கோதண்டபாணி வந்தார். என் கணவரோடு சிற்பம் செய்த நண்பர்; பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

“அண்ணி, விழுப்புரத்துல அண்ணனுக்கு அஞ்சலிக் கண்காட்சி வெக்கிறோம்.”

“குதிரை, கழுகு, எல்லாத்தையும் எடுத்துக்கங்க. திருப்பித் தர வேணாம்.”

நான் பழையபடி இன்னொருவர் வண்டியில் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பட்டறையிலிருந்த சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

விழுப்புரத்தில் அது ஒரு மேடைமேல் நின்றது. தங்க நிறம் பூசியிருந்தார்கள். கீழே ஓர் அட்டை: ‘முடிவில்லாப் பயணம்’. மேல் பைப்பின் வளைவு உழைப்பாளியின் குனிந்த முதுகு என்று தாடிக்காரர் ஒருவர் இரண்டு பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டினார்கள். அந்த முதுகு என் புடவைக்காக வளைந்தது என்று சொல்ல நினைத்தபோதுதான் பெடலைப் பார்த்தேன். இரண்டு கிராங்கும் ஒரே நீளம்.

“இடது கிராங்க் எங்க?”

கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினார். “நான்தான் மாத்தினேன் அண்ணி. அண்ணன் அவசரத்துல அளவு தப்பா வெட்டிட்டாரு. பாக்குறவங்க சிரிக்கக் கூடாதுல்ல? அவரு பேரு என்னாவுறது?”

அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவள். எது பிழை என்று தெரியாமல் திருத்துகிறவர்களை அங்கேயும் எனக்குப் பிடிக்காது.

செருப்பைக் கழற்றினேன். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோதண்டபாணி எதிரே நிமிர்ந்து நின்றேன். இடது குதிகால் தரையில் படவில்லை. தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“எத்தினி வருசமா எங்க ஊட்ல சாப்புட்டீங்க! நான் நடந்து வந்து கொழம்பு ஊத்தறப்போ சோத்தையே பாத்துக்கினு இருந்தீங்களா?”

“ஐயோ, அண்ணி...”

“பழசு எங்க?”

“காயலாங்கடைக்குப் போயிடுச்சி.”

என் கணவரின் குதிரைகள் எல்லாம் கண்காட்சியில் பத்திரமாக நின்றன.

மறுநாள் கோதண்டபாணி சைக்கிளைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு, வெல்டிங் மெஷினோடு வீட்டுக்கு வந்தார். கிராங்கைக் கையில் எடுத்தவர் என் காலைப் பார்க்கக் கூச்சப்பட்டு வானத்தைப் பார்த்தார்.

“எவ்ளோ கொறைக்கணும் அண்ணி? இப்பவும் அதே அளவுதானா?”

“செத்தது அவரு. என் காலு இல்ல.”

வெட்டிப் பற்றவைத்தார். பற்றவைத்த இடம் மொத்தையாக வந்திருக்கிறது. தங்கப் பெயிண்டைச் சுரண்டவில்லை. அதிலேயேதான் வேலைக்குப் போகிறேன். அம்மன் தேர் வருகிறது என்று டீக்கடையில் கேலி செய்கிறார்கள்.

என் இடது கால் இன்னும் இரண்டு விரற்கடை குட்டைதான்.