கேப்டன் கண்ட விசிறி

என் காட்சிக்கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "இர்மா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். பல ஓவியங்களுக்கு அர்த்தம் எனக்கே தெரியாது. தெரிந்தவற்றையும் சொல்லக்கூடிய காலமாக அது இல்லை.

உருகுவேயின் தலைநகர் மொன்டெவிடியோவில் அந்த நவம்பரில் மஞ்சளைக் கண்டாலே போலீசுக்கு ஆகாது. ராணுவம் தனக்கு வசதியாக ஓர் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டு, மக்கள் ஓட்டுப் போட்டு அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. வேண்டும் என்றால் நீலச் சீட்டு, வேண்டாம் என்றால் மஞ்சள் சீட்டு. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்து ஊரே ஜாடையில் பேசிக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டை போட்டவனை நிறுத்தி விசாரித்தார்கள். மூலைக் கடைக்காரர் எலுமிச்சம்பழத்தைக் கூடையின் அடியில் தள்ளி, மேலே முட்டைக்கோஸை அடுக்கினார்.

என் தம்பி வாஷிங்டன் டாக்ஸி ஓட்டுகிறவன். கொளுத்துகிற வெயிலில் முன் கண்ணாடி வைப்பரை ஓடவிட்டுக்கொண்டு வருவான். இடதும் வலதுமாக அது ஆடுவது, வேண்டாம் வேண்டாம் என்று யாரோ விரலை ஆட்டுவதுபோல இருக்கும். ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின.

"மழைத்துளி இல்லாம எதுக்குடா துடைக்கிற?"

"புறா எச்சம் போட்டுடுச்சுக்கா."

"ஊர்ல இருக்கிற புறாவுக்கெல்லாம் உன் வண்டிதான் கக்கூஸா? மாட்டிக்கிட்டேன்னா என் வாசல்ல வந்து நிக்காதே."

இந்த லட்சணத்தில்தான் நான் சுல்மாவின் கண்காட்சியை ஏற்பாடு செய்தேன். சுல்மா என் பள்ளித் தோழி. தொழிற்சங்கக் கூட்டத்துக்குச் சுவரொட்டி வரைந்த குற்றத்துக்காக மூன்று வருடம் சிறையில் இருந்தவள். வெளியே வந்தபின் கறுப்பு வெள்ளையைத் தவிர எதிலும் வரையவில்லை. இன்னொரு முறை உள்ளே போனால் அவள் உயிரோடு திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கறுப்பு வெள்ளையில் எவன் என்ன குற்றம் கண்டுபிடித்துவிட முடியும் என்று நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

திறப்பதற்கு முன் அனுமதி தர ஓர் அதிகாரி வந்து பார்ப்பது வழக்கம். வந்தவர் கேப்டன் பீரிஸ். ஒல்லியான, சீராக முடி வெட்டிய, குரலை உயர்த்தாத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்கு அதிகப் பயம். சின்ன ஓவியங்களை வேகமாகக் கடந்து, நடுச் சுவரில் இருந்த பெரிய ஓவியத்தின் முன் நின்றார். முழுக்கக் கறுப்பு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளை வடிவங்கள். ஒவ்வொன்றும் கீழே ஒரு புள்ளியில் தொடங்கி மேலே அகலமாக விரிந்து வளைந்திருந்தது.

"பேரு என்னம்மா?"

"பேர் வைக்கலை, கேப்டன்."

"பேர் வைக்காம விடறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

சுல்மா கைகளைப் பாவாடைப் பையில் விட்டுக்கொண்டு மூலையில் நின்றாள். சீருடை போட்டவர்களிடம் அவள் பேசுவதில்லை. கேப்டன் தன் கைக்குட்டையை எடுத்து உதறி, ஓவியத்தின் வெள்ளையோடு சேர்த்துப் பிடித்தார்.

"இது வெள்ளை. அப்போ அது என்ன?"

அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை. கைக்குட்டைக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை, சுருட்டுக் குடிக்கிறவன் பல்லைப்போல மஞ்சளாக இருந்தது.

"ஆளிவிதை எண்ணெயில குழைச்ச சாயம் அது. ரொம்ப நாள் இருட்டுல கிடந்தா மஞ்சளாயிடும். இது இவங்கம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ரெண்டு வருஷமா சுவரைப் பார்த்து இருந்துச்சு."

"ஏன் சுவரைப் பார்த்து?"

"இடம் இல்லாததால."

அவர் சிரித்தார். "நானும் நாலு எழுத்து படிச்சவன்தான். சுத்தி இருட்டு. நடுவில மஞ்சளா வெளிச்சம். நாங்கல்லாம் இருட்டு, 'வேண்டாம்' சீட்டுதான் வெளிச்சம். இதை ஓட்டுக்கு முன்னாடி ஊருக்குக் காட்டறீங்க."

எங்கள் பத்திரிகை விமர்சகர்கள் ஒருவருக்கும் இவ்வளவு தெளிவாக எழுத வந்ததில்லை. சமாளிக்க வேண்டுமே என்று, "கறுப்பும் மஞ்சளும் பெனரோல் அணி நிறம்தானே, கேப்டன்? கால்பந்துன்னு நினைச்சுக்கலாமே," என்றேன்.

"நான் நாசியோனல் பக்கம்," என்றார். போட்டி அணியின் ரசிகர். அதற்குமேல் நான் விளையாடவில்லை.

"வெயில்ல வச்சா வெளுத்திடும். சத்தியமா," என்றேன்.

"அப்படியா? வெள்ளிக்கிழமை வர்றேன். வெளுத்திருந்தா கண்காட்சி நடத்துங்க. இல்லேன்னா, இந்தம்மா என்கூட வரவேண்டியிருக்கும்." கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஓவியத்தை மொட்டை மாடிக்குத் தூக்க வாஷிங்டனை வரச் சொன்னேன். மேலே சாத்தி வைத்ததும் அவன் தள்ளி நின்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். உதட்டில் ஒரு சிரிப்பு.

"அக்கா, இதையா கேப்டன் கண் முன்னாடி தொங்கவிட்டே? பெரிய தைரியம்தான்."

"மஞ்சள் வெயில்ல போயிடும்டா."

"மஞ்சளா? மஞ்சளை யார் கேட்டா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். அவன் எப்போதும் இப்படித்தான் அரைகுறையாகப் பேசுவான் என்று நான் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வெயிலுக்குத் தகுந்தபடி ஓவியத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன். புதன்கிழமை மேகம் கூடியபோது தார்ப்பாயோடு மேலே ஓடி, வானத்தையும் கேப்டனையும் ஒரே மூச்சில் திட்டினேன். சுல்மா தினமும் வந்தாள். மாத்தே தேநீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, குழலை உறிஞ்சியபடி, ஓவியத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள்.

"கொஞ்சம் திரும்பித்தான் பாரேன். வெளுக்குதா இல்லையான்னு சொல்லு."

"எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. நீதான் தொங்கவிடணும்னு அடம் பிடிச்சே."

வெள்ளிக்கிழமை அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே என்ன என்று பிரித்துப் பார்த்தேன். கம்பளி சாக்ஸ், சோப்பு, பல் துலக்கும் பிரஷ்.

"உள்ளே தரை ரொம்பச் சில்லுன்னு இருக்கும்," என்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபமாக மாற்றிக்கொண்டு பையை என் மேஜைக்கடியில் தள்ளினேன்.

கேப்டன் மத்தியானம் வந்தார். ஓவியம் மறுபடி நடுச் சுவரில் இருந்தது. கைக்குட்டையை எடுத்தார், உதறினார், சேர்த்துப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தன. அவர் வேறொரு இடத்திலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் வெள்ளை.

"சரி, வெளுத்திடுச்சு," என்றார். ஆனால் அவர் நகரவில்லை. "இப்ப சொல்லுங்க. மஞ்சள் இல்லே. அப்போ இது என்ன?"

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, தெருவில் ஒரு பேருந்து சிக்னலுக்கு நின்றது. வெயிலில் கண் கூசியது. காய்ந்த கண்ணாடியில் இரண்டு வைப்பர்களும் கடக் கடக்கென்று ஆடின. புழுதி படிந்த கண்ணாடியில் அவை துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று இரண்டு வளைவுகளாகத் தெரிந்தது. நான் ஓவியத்தைப் பார்த்தேன். மறுபடி பேருந்தைப் பார்த்தேன். வாஷிங்டன் எதற்குச் சிரித்தான் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

ஒரு வாரம் பாடுபட்டு அதன் நிறத்தைத்தான் வெளுத்திருந்தேன். சுவர் அகலத்துக்கு 'வேண்டாம்' அப்படியே நின்றுகொண்டிருந்தது. கேப்டன் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். தலையைத் திருப்பினால் போதும், சுல்மா போய்விடுவாள்.

"நீங்களே சொல்லுங்க, கேப்டன்," என்று அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய் நின்றேன். "போன தடவை எவ்வளவு அழகா சொன்னீங்க. இந்தச் சுவருக்கு முன்னாடி அப்படி யாரும் பேசினதே இல்லை."

அவர் முகம் இளகியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி முன்னே போனார். வெளியே வைப்பர் கடக் கடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சிக்னல் மாறவே மாறாதோ என்று தோன்றியது.

"விசிறி," என்றார் கடைசியில். "ரெண்டு விசிறி. என் மனைவிகிட்ட இப்படி ஒண்ணு இருக்கு, விரிச்சா இதே வளைவு." சுல்மா பக்கம் திரும்பினார். "சரிதானேம்மா?"

சுல்மா அவரைப் பார்த்தாள். அவள் பார்வை என் தோளைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"சரி," என்றாள். சீருடை போட்ட ஒருவரிடம் அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"அப்போ அந்தப் பேரையே வச்சிடுங்க. பேரில்லாம இருக்கக்கூடாது." அனுமதி தந்துவிட்டு அவர் போனார்.

கதவைத் தாழிட்டதும் நான் வெடித்தேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதாடி? எனக்கு நெஞ்சே நின்னிருக்கும். வைப்பரை வரைஞ்சு வச்சுட்டு ஊமை மாதிரி நிக்கிறே."

"நான் வரைஞ்சப்ப ஓட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்லையே, இர்மா."

"அப்போ இது வைப்பர் இல்லையா?"

"வைப்பர்தான்." அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் ஓவியத்துக்கு நேராக நின்றாள். "என்னைப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு மழை. பின் சீட்டுல உட்கார வச்சிருந்தாங்க. கண்ணைக் கட்டின துணி கொஞ்சம் இறங்கிடுச்சு. முன்னாடி கண்ணாடி மட்டும் தெரிஞ்சது. எல்லாம் கறுப்பு, அது துடைக்கிற இடம் மட்டும் வெள்ளை. அப்புறம் பார்த்துட்டாங்க, துணியை இறுக்கிட்டாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஈரமாக இருந்தது.

சாயங்காலம் கூட்டம் வந்தது. ஓவியத்துக்குக் கீழே 'இரண்டு விசிறிகள்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். வாசலருகே சாதாரண உடையில் ஒருவன் நின்று எல்லாரையும் நோட்டம் விட்டான். ரொட்டிக் கடை ஹைதே முதலில் வந்து பெயரைப் படித்தாள், ஓவியத்தைப் பார்த்தாள், மறுபடி பெயரைப் படித்தாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. பிறகு, "இங்க ஒரே புழுக்கமா இருக்கு," என்று கண்காட்சித் தாளை முகத்துக்கு முன் பிடித்து இடதும் வலதுமாக மெதுவாக விசிறிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்தவர் ஓவியத்தைப் பார்த்தார். அவரும் தாளை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தாள்கள் இடதும் வலதுமாக ஆடின. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நின்றவன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "ஜன்னலைத் திறந்து விடக்கூடாதா?" என்று என்னைக் கேட்டான்.

சுல்மா என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அன்னைக்கு அது என்னைக் கொண்டுபோன வண்டி," என்றாள் என் காதருகில். "இப்ப பாரேன், வேண்டாங்குது."

என் கையிலிருந்த தாளை வாங்கி அவளும் விசிறிக்கொண்டாள். போகும்போது துணிப்பையை என் மேஜைக்கடியிலேயே மறந்துவிட்டுப் போனாள். நான் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.