கட்டினான்

சடையன் திருடன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவோம். அவன் பெண்சாதி செல்லமே அதை யாரிடமும் மறைத்ததில்லை. கித்தா, அதாவது ரப்பர், விலை கண்டபடி ஏறிக்கிடந்த வருஷம் அது. பட்டணத்து ஆட்கள் இரண்டு பேர் கள்ளுக்கடையில் ஊற்றிக்கொடுத்து அவன் காதில் ஓதினார்கள். தோட்டத்து ஸ்டோரில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக அவன் வழிகாட்டச் சம்மதித்தான். ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவன் ஆயிற்றே, எந்தக் கதவை எப்படித் தள்ளினால் திறக்கும் என்று அவனுக்குத் தெரியாதா. துரை வீட்டுச் சொத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்திருப்பான், மடையன்.

கொட்டுகிற மழையில் போன காரியம் பாழாய்ப் போனது. ஸ்டோரில் ஜாகா என்கிற காவல் வேலை பார்த்த காளியப்பனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் படுத்திருப்பான் என்று இவர்கள் கணக்குப் போட, அவனோ ஸ்டோருக்குள்ளேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஆள் அரவம் கேட்டு எழுந்து கத்தினான். பட்டணத்தான் ஒருவன் கையிலிருந்த இரும்புக் கம்பியை அவன் மண்டையில் இறக்கிவிட்டு ஓடினான், இன்னொருவனும் கூடவே ஓடினான். இன்றுவரை அந்த இரண்டு பேரும் அகப்படவில்லை. லயத்து ஜனங்கள் ஓடிவந்து பார்த்தபோது காளியப்பன் ரத்தத்தில் கிடந்தான், சடையன் அவன்மேல் குனிந்திருந்தான். சடையனுடைய துண்டு காளியப்பனின் தலையில் பாதியும் வாயில் பாதியுமாகச் சுற்றியிருந்தது.

அடித்ததும் இவன்தான், சத்தம் வெளியே வராமல் வாயைக் கட்டியதும் இவன்தான் என்று வழக்கு நடந்தது. கோர்ட்டு வாசலில் ஆனமட்டும் நின்றாள் செல்லம். உள்ளே காளியப்பனைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள், அவன் சொன்னதும் விஷயம் முடிந்துபோயிற்று என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். என்ன சொன்னான் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. கம்பிக்குப் பின்னால் நின்று சடையன் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நான் அடிக்கல புள்ள. ரத்தத்தை நிறுத்தத்தான் கட்டினேன்."

நம்பினாளா என்றால், நம்பினாள். பால்வெட்டுக்குப் போகிற வழியில் நம்புவாள், மற்றவர்கள் முன்னால் நம்புவாள். தனியாகச் சோறு பொங்கும்போது மட்டும் ஒரு சந்தேகம் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பெண்சாதியிடம் வேறு எதைச் சொல்லுவான் என்று அது கேட்கும். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஊர் வேறு விதம். துரையின் ரப்பரைத் திருடியதற்காக லயத்தில் யாரும் தூக்கம் கெட்டுப்போகவில்லை, சொல்லப்போனால் பாதிப் பேர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் நம்ம ஆள் ஒருத்தன் மண்டையைப் பிளந்தது? அதைப் பொறுக்க முடியாது என்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா உப்புக்கூடக் கடன் கேட்டு வருவதில்லை.

இப்போது தண்டனை முடிந்து சடையனுக்கு விடுதலை. திங்கட்கிழமை ரயிலில் ஜொகூர் பாருவிலிருந்து வருகிறான். செல்லம், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியாரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, லயத்து ஆளுங்க ஒத்துக்கொண்டால் வரட்டும், இல்லையென்றால் நீயும் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு அவனோடு கிளம்பவேண்டியதுதான் என்றார். வேறு தோட்டத்தில் சிறைக்குப் போய்வந்தவனை யார் எடுப்பார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து ஊரான ரெங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் பயாஸ்கோப்புக் கூடாரம் வந்து இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்த கம்பெனி. வெள்ளைக்காரப் படம், வாய் அசையும், சத்தம் வராது. திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று கதை சொல்ல சதாசிவம் என்று ஒருத்தர். பட்டை பட்டையாகத் திருநீறு, வெள்ளைக் கோட்டு, தொண்டை மட்டும் வெண்கலம். நடுநடுவே திரையில் வருகிற இங்கிலீஷ் எழுத்து அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. போகிற ஊரிலெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பை வாங்கி, படத்து வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஊர் ஆட்களின் பெயரை வைத்துவிடுவார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், மறுநாளும் வருவார்கள்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தோட்டமே கூடாரத்துக்குள் இருந்தது. போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று செல்லமும் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். படம் ஒரு கொள்ளையைப் பற்றியது. மூன்று திருடர்கள் பாங்கிக்குள் நுழைகிறார்கள், காவல்காரன் பார்த்துவிடுகிறான், எல்லாம் கோணலாகப் போகிறது.

"இதோ வர்றான் பாருங்க நம்ம சடையன்" என்று சதாசிவம் வெண்கலத் தொண்டையைத் திறந்தார்.

கூடாரம் குலுங்கியது. திரையில் காவல்காரன் அடிபட்டு விழுந்தான். இரண்டு திருடர்கள் ஓடினார்கள், மூன்றாவது ஆள் திரும்பி வந்து குனிந்தான், கழுத்துத் துணியை அவிழ்த்தான். ஓடி ஓடித் தேய்ந்த படம், திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு. "கட்டுறான் பாருங்க, வாயைக் கட்டுறான், பாவி" என்றார் சதாசிவம். முன்வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள். செல்லத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஆனாலும் அவள் கண்ணை மூடவில்லை, நல்லவேளை. அந்த ஆளின் கைகளைப் பார்த்தாள். வாயை அடைக்கிறவன் அழுத்துவான், இவன் தலையைத் தூக்கித் தன் முட்டியில் வைத்துக்கொண்டு துணியைச் சுற்றினான். அந்தக் கோட்டு மழைக்கு நடுவே அவள் பார்த்தது அவ்வளவுதான், அதற்குள் படம் வேறு எங்கோ போய்விட்டது. தான் பார்த்தது திரையில் இருந்ததா, தன் ஆசையில் இருந்ததா என்று வீடு வருகிறவரை அவளுக்குத் தீரவில்லை.

மறுநாள் காலையில் நேராக டீக்கடைக்குப் போய் சதாசிவத்தின் முன்னால் நின்றாள். பெண்பிள்ளை தனியாக வந்து நிற்கிறதே என்று அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான்தான் அந்தச் சடையன் பெண்சாதி என்றதும் மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. பெயரை மாற்றிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி, வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது என்று என்னென்னமோ சொன்னார். பெயர் இருக்கட்டும் என்றாள் செல்லம். நேற்றே எல்லாரும் கேட்டாயிற்று, இனிமேல் மாற்றினால் அதற்கும் சிரிப்பார்கள்.

"கட்டுறான்னு மட்டும் சொல்லுங்கண்ணே. எதைக் கட்டுறான்னு சொல்லாதீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு அந்த இடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போல. நூறு தடவை சொன்ன கதைதான், ஒரு தடவையாவது உற்றுப் பார்த்தோமா என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. திருடன் நல்லவனாகிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் காளியப்பன் வந்தான். சனிக்கிழமை ஸ்டோரில் காவல் வேலை இருந்ததால் வரவில்லை. உன்னையும் படத்தில் காட்டுகிறார்கள் அண்ணே என்று இளவட்டங்கள் கேலி பண்ணிக் கூட்டிவந்துவிட்டார்கள். தழும்பை மறைத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஓரமாகக் குந்தினான். கங்காணியார் முன்னால் நாற்காலியில் இருந்தார். செல்லம் அந்த இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடம் வந்தது. காவல்காரன் விழுந்தான், மூன்றாவது ஆள் திரும்பி வந்து குனிந்தான்.

"கட்டுறான்" என்றார் சதாசிவம். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார்.

கூடாரத்துக்கு வெளியே எஞ்சின் ஓடுகிற சத்தம் அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது. சொல்லுகிறவர் நின்றதும் ஜனங்கள் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். தலை முட்டியில் இருந்தது, கை சுற்றிக்கொண்டிருந்தது. "என்னத்தக் கட்டுறான், வாயையா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

"காயத்தை."

காளியப்பன் எழுந்து நின்றிருந்தான். திரை வெளிச்சம் அவன் முகத்தில் ஓடியது. அவன் யாரையும் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கும் சடையன் இப்படித்தான் கட்டினான், அடிச்சவன் ஓடிட்டான். நினைவு இருந்துச்சு எனக்கு. கோர்ட்டுல, இந்தத் துண்டால உன்னைக் கட்டினானான்னு கேட்டாங்க. கட்டினான்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அது இங்கிலீஷ்ல எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியல."

கட்டினான். ஒரே ஒரு சொல். வாயைக் கட்டினாலும் கட்டுதான், காயத்துக்குக் கட்டினாலும் கட்டுதான். இதைத் தமிழ் தெரிந்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்துகொள்வான், பார்க்காதவன் எப்படித் தெரிந்துகொள்வான்? அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோர்ட்டில் இங்கிலீஷாக்கிப் போட்டார்கள், அது ஒரு மனுஷனை உள்ளே வைத்துவிட்டது.

செல்லத்துக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம். எழுந்து ஜனங்களை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். இத்தனை நாளும் என் வாசல் வழியாகத்தானே போய்வந்தீர்கள் என்று கேட்டாள். தினமும் பார்த்தீர்களே, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா என்றாள். அவன் தலைப்பாகையை இழுத்துவிட்டுக்கொண்டான். சொல்லை மாற்றினால் நீயும் கூட்டுத்தானே, காவல்காரனுக்கு உள்ளே படுக்கை எதற்கு என்று கேட்பார்களே, வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்றான் கடைசியில். உண்மைதான். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் கோபம் இறங்கவில்லை.

கங்காணியார் நாற்காலியிலிருந்து திரும்பாமலே, நாளைக்கு அவன் வரட்டும் என்றார். வெள்ளையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீதிக் கதையை சதாசிவம் ஏனோதானோ என்று சொல்லி முடித்தார், கொடுத்த காசு வீண் என்று இரண்டு பேர் சண்டைக்கே போனார்கள்.

திங்கட்கிழமை செல்லம் ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போனாள். காளியப்பனும் வந்து தூரத்துத் தூணோரம் நின்றிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. இவனை என் புருஷன் என்ன செய்தாலும் நான் தடுக்கமாட்டேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு நின்றாள்.

ரயில் நின்றது. சடையன் இறங்கினான். பெயருக்கு ஏற்ற முடி போய் மொட்டைத் தலை, எலும்பும் தோலும். அவளைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவன் பார்வை அவளைத் தாண்டித் தூணோரம் போயிற்று. மூட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு நேராக அங்கே நடந்தான். காளியப்பன் நகரவில்லை. வாங்கவேண்டியதை வாங்கிக்கொள்ள வந்தவன்போலத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

சடையன் கையைத் தூக்கினான். நெற்றியிலிருந்து காதுவரை ஓடிய அந்தத் தழும்பை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தான்.

"மழையில அவசரமா போட்டதுண்ணே. கட்டு நின்னுச்சா?"

கோர்ட்டு வாசலில் அழாத செல்லம், நேற்றைக்குக்கூட அழாத செல்லம், மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நடைமேடையிலேயே உட்கார்ந்து அழுதாள்.