கை வைக்காத படம்

தங்கை தன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். பதிவு அலுவலகத்தில் படம் நான்தான் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அதில் நான் கை வைக்கவே கூடாது.

"எப்படி விழுதோ அப்படியே வேணும்க்கா. மூஞ்சியில ஒரு புள்ளி குறைஞ்சாலும் அதோட நமக்குள்ள பேச்சு கிடையாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இவள் சொன்னால் செய்வாள். ஏற்கெனவே ஒரு தடவை எட்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்து காட்டியவள்.

என் பிழைப்பு அப்படி. பதினோரு வருடமாக ஒரு போட்டோ லேபில் உட்கார்ந்து, ஊரார் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டிருக்கிறேன். பரு, வியர்வை, பல்லில் ஒட்டிய உதட்டுச் சாயம், ஓரத்தில் நுழைந்த யாரோ ஒரு மாமாவின் முழங்கை, எல்லாவற்றையும் துடைத்து அனுப்புவேன். எடுத்தவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் துடைப்பேன். ஆனால் எனக்கென்று ஒரு கேமரா இருந்ததே இல்லை. பாத்திரம் கழுவுகிறவள் சமையலைக் குறை சொன்ன கதைதான்.

தங்கையின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. நாலு வயதில் ஓடிப்போய்க் கதவில் மோதிக்கொண்டாள் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் தெரியும். அவள் மோதவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. விளையாடப் போகிற இடத்துக்கெல்லாம் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறாளே என்ற ஆத்திரத்தில், அவள் முகம் அங்கே இருப்பது தெரிந்தே இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியவள் நான். அம்மா பதறி ஓடிவந்தபோது, அவளே மோதிக்கொண்டாள் என்றேன். இருபத்தேழு வருடமாக அந்தப் பொய் அப்படியே நிற்கிறது.

லேபில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுப் படம் எது கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அந்தத் தழும்பைத் துடைத்துவிடுவேன். அம்மா அப்பாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு ஓர் ஆல்பம் போட்டேன். தங்கை பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூடி வைத்தாள். "இதுல நான் எங்கக்கா இருக்கேன்?" என்று கேட்டாள். என் மூஞ்சியைப் பார்க்க உனக்கு அவ்வளவு வெட்கமா என்றும் கேட்டாள். இல்லை என்று சொன்னால் ஏன் துடைத்தாய் என்பாளே. கல்லுளிமங்கி மாதிரி நின்றேன். அப்புறம்தான் அந்த எட்டு மாதம். கடைசியில் அவளாகவே பேச வந்தாள். இப்போது அவளாகவே இன்னொரு வாய்ப்பும் கொடுக்கிறாள். இதையும் கெடுத்துக்கொண்டால் தங்கை என்று ஒருத்தி எனக்கு இல்லை.

கையில் இருபது நாள் இருந்தது. கேமரா வாங்க ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கண்ணாடி மாளிகை மாதிரியான கேமராக் கடைக்குப் போனேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், நான் டிஎஸ்எல்ஆர் என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்தார். அதெல்லாம் போன தலைமுறையாம். உள்ளே கண்ணாடி தூக்கித் தூக்கி விழுகிற அந்தச் சமாச்சாரத்தை இனி யாரும் தொடப்போவதில்லையாம். கண்ணாடியே இல்லாத புது ரகம் ஒன்றை என் கையில் திணித்து, தன்னையே ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பழக்க தோஷம், உடனே பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் தாடையில் நேரில் தடிமனாக ஒரு பரு உட்கார்ந்திருந்தது. படத்தில் அதைக் காணவில்லை.

"பாத்தீங்களா மேடம், அதுவே சுத்தம் பண்ணிடும்" என்றார் பெருமையாக. வேண்டாமென்றால் அந்த வசதியை அணைத்து வைக்கலாம் என்றும் சொன்னார்.

"அணைக்கலாம்னா மறுபடி போடவும் செய்யலாம்ல?"

தாராளமாக என்று தலையாட்டினார். எனக்குப் பயம் கேமராமேல் இல்லை, என் விரல்மேல். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்தது, ஸ்டூடியோக்காரர்கள் சாமான் வாங்கும் சந்து. அங்கே ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு கடைகள். இந்தக் கடையில் மீசைக்காரர், அந்தக் கடையில் அவருடைய மச்சான். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்பது இவருக்குச் சுவர் வழியாகவே தெரிந்துவிடும்.

மீசைக்காரர் டிஎஸ்எல்ஆர்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அதுவும் சிவப்பு எழுத்துக் கம்பெனிதான். மஞ்சள் எழுத்துக் கம்பெனியில் எடுத்தால் மணப்பெண் காமாலை வந்தவள் மாதிரி இருப்பாளாம். இரண்டு லென்ஸ், பை, முக்காலி எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். பெட்டியைத் தூக்காத குறையாக வெளியே வந்தால், மச்சான் வாசலிலேயே காத்திருந்தார். சிவப்பு எழுத்தில் எடுத்தால் மூஞ்சி தக்காளி மாதிரி வருமாம். மஞ்சள்தான் வேண்டுமாம். பெட்டியோடு வரும் லென்ஸெல்லாம் குப்பையாம். கிட்டே இழுக்காத, எட்டத் தள்ளாத ஒற்றை லென்ஸ் ஒன்று போதுமாம், முகம் செதுக்கினாற்போல் வருமாம். திரும்ப மீசைக்காரரிடம் போனேன். ஒற்றை லென்ஸ் போட்டால் நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும், பதிவு அலுவலகத்து அறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு இடிக்கும், பாதி மாப்பிள்ளைதான் படத்தில் விழுவார் என்றார். மச்சானிடம் போனேன். பழைய சரக்கை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றார்.

இப்படியே பத்து நாள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடுவேன், வேலை முடிந்ததும் ஓடுவேன். இரண்டு பேரும் சொல்வது அந்தந்த நேரத்துக்குச் சரியாகத்தான் படும், படி இறங்கியதும் தலை சுற்றும். எனக்கு 'அலைச்சல்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வாங்க அலைச்சல் என்று மச்சான் வாய்தவறிச் சொல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் சிரித்தது கேட்டது. அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் ஒத்துப்போனார்கள். வீட்டில் அடுப்பில் வைத்தது இரண்டு முறை தீய்ந்தது. நீ கேமரா வாங்கறதுக்குள்ள அவங்க குழந்தைக்குக் காதுகுத்தே முடிஞ்சிடும் என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்குத் தட்டை வைத்த வேகத்தில் மேசை ஆடியது.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு படத்துக்குள்ளும், அது எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்ற விவரம் பதிந்தே வரும். லேபில் இத்தனை வருடத்தில் என் கை பட வேண்டிய அவசியமே இல்லாமல் வந்த முப்பது படங்களைத் தேடி எடுத்தேன். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும் என்று ஒரு நப்பாசை. சிவப்பும் இருந்தது, மஞ்சளும் இருந்தது, பெட்டி லென்ஸும் இருந்தது, ஒற்றையும் இருந்தது. இருப்பதிலேயே அழகான படம், இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று இரண்டு பேருமே சொன்ன ஒரு கேமராவில் எடுத்தது. குழம்பிய குட்டையில் இன்னொரு கல் விழுந்ததுதான் மிச்சம்.

நாலு நாள் மீதி இருந்தபோது, மச்சான் கடைக்கு ஏறும் படியில் கால் வைத்தவள் அப்படியே திரும்பிவிட்டேன். சந்தின் கோடியில் கேமரா பழுது பார்க்கும் ஒரு கடை இருந்தது. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பெண் திருகாணி கழற்றிக்கொண்டிருந்தாள். பழைய கேமராக்களைச் சீர்செய்து விற்பதும் உண்டாம். நான் மூச்சு விடாமல் சிவப்பு, மஞ்சள், பெட்டி, ஒற்றை என்று புலம்பி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அப்புறம், இத்தனை நாளில் ஒருவரும் கேட்காததைக் கேட்டாள்.

"யாரை எடுக்கப் போறீங்க?"

"என் தங்கச்சியை."

அலமாரியிலிருந்து ஒரு டிஎஸ்எல்ஆரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். மூன்று வருடம் ஓடியது, பிடியில் ரப்பர் மட்டும் புதிது. மேலே இருந்த சின்ன ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள். "இந்த ஜன்னலுக்குள்ள ஸ்க்ரீன் எல்லாம் கிடையாதுங்க. உள்ள இருக்கற கண்ணாடி வழியா நேரா ஆளையே பாக்கறீங்க" என்றாள். அவளையே பார்த்தேன். மணிக்கட்டில் சூடு பட்ட ஒரு வடு. பொத்தானை அழுத்தினேன். பின்பக்கத் திரையில் பெரிதாக்கினேன். வடு இருந்தது. ஓரத்தில் தோல் சுருங்கிய இடம்கூட அப்படியே இருந்தது.

இதுதான் என்றேன். எந்த லென்ஸ் என்று கேட்டதற்கு, எடுக்கப்போகும் அறை எத்தனை அடி என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினாறு நாள் ஊரைச் சுற்றியவள் அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே பதிவு அலுவலகத்துக்கு ஓடி, எழுத்தர் முறைக்க முறைக்க, சுவருக்குச் சுவர் அடி வைத்து அளந்தேன். பதினோரு அடி. திரும்பி வந்து சொன்னதும், ஒற்றை லென்ஸ் அங்கே வேலைக்காகாது என்று, பெட்டியோடு வரும் சாதாரண லென்ஸையே மாட்டிக் கொடுத்தாள். எந்த எழுத்துக் கம்பெனி என்று என்னிடம் கேட்காதீர்கள். மச்சானுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார்.

கல்யாணத்தன்று அந்த அறையில் சுவரோடு ஒட்டி நின்றேன். ஜன்னலில் கண்ணை வைத்தேன். தங்கை கையெழுத்துப் போடக் குனிந்தாள், பேனா எழுதவில்லை, மாப்பிள்ளை தன் சட்டைப்பையில் தேடி எடுத்துக் கொடுத்த பேனாவும் எழுதவில்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் அந்தத் தழும்பு நடுவில் மடிந்து கன்னத்துக்குள் போகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடமாக அதைத் துடைப்பதற்காக மட்டுமே பார்த்திருக்கிறேன். அழுத்தினேன். அறுபத்திரண்டு படங்களில் அந்த ஒன்றுதான் படம்.

மறுநாள் மாலை அவர்கள் மாப்பிள்ளையின் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் அந்த ஒன்றை அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று காலையில் லேபில் திறந்து வைத்தேன். உள்ளறையிலிருந்து முதலாளி ஏதோ பள்ளிக்கூடத்துக் குழுப்படம் என்னாயிற்று என்று சத்தம் போட்டார். முடிந்துவிட்டது, இரண்டாவது அலமாரியில் இருக்கிறது என்று கத்திவிட்டுத் திரும்பினேன். திரையில் தங்கையின் கன்னம் வழவழவென்று இருந்தது.

சத்தியமாக எனக்குத் தெரியாது. வாய் அவருக்குப் பதில் சொல்லும்போதே கை தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது. அதுவும் எவ்வளவு நேர்த்தி! தழும்பு இருந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் சேமிக்கவில்லை. செய்த திருத்தத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்தினேன். முதலில் தழும்பின் கீழ்நுனி வந்தது, அப்புறம் நடு, அப்புறம் கண்ணோரம். ஒன்பது வயதுக் கை அந்தக் கதவைச் சாத்தியதை நான் திரும்ப ஒரு முறை உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, அப்படியே அச்சடித்து எடுத்துக்கொண்டு, கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி, கன்னத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். குழந்தை மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"காலையில ஒரு நிமிஷம் அது இல்லாம இருந்துச்சு. என் கை தானா துடைச்சிடுச்சு" என்றேன். "உன் மூஞ்சியைப் பாத்து எனக்கு என்னைக்கும் வெட்கம் இல்லடி. அந்தக் கதவை நான்தான் சாத்தினேன். நீ மோதல. நீ அங்க நிக்கறது தெரிஞ்சேதான் சாத்தினேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தானா மோதிக்கறவன்னு வீட்டுல என்னை சைக்கிள் தொட விடல, தெரியும்ல?" என்றாள் கடைசியில். "மாடிப்படியில ஓடக்கூடாது. பாத்து நட, பாத்து நட. நானே என்னை நம்பல அக்கா. இன்னைக்கும் ஒரு கதவைக் கண்டா நின்னுட்டுத்தான் உள்ள போறேன்."

அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கன்னத்தில் இருப்பதுதான் நான் போட்ட தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கும் கண்ணும் ஒழுக, தேம்பித் தேம்பி அழுதேன். அவள் எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றித் தன் கண்ணில் வைத்தாள்.

"நில்லு."

"அழுதுகிட்டு இருக்கேன்டி."

"தெரியுது. அப்படியே நில்லு."

பொத்தான் விழும் சத்தம் கேட்டது. பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தாள். என்னை மன்னித்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. "இதையும் போட்டுக் குடு. பஸ் ஆறு மணிக்கு" என்றாள். "இதுலயும் கை வைக்காத."

திரும்ப லேபுக்கு ஓடினேன். திரையில் என் மூக்கு சிவந்து, கண் வீங்கி, உதடு கோணி, பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி குறைக்காமல் அச்சடித்து, ஆறு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.